வாய் உறுதியும் காணி உறுதியும்: பினாங்கின் முதல் ஆண்டுகள்

பினாங்குத் தீவின் வரலாற்றைச் சொல்லும் ஆங்கில நூல்களில் பெரும்பாலானவை 1786ஆம் ஆண்டு ஓகஸ்ட் 11ஆம் திகதியில்தான் தொடங்கும். அன்று பிரான்சிஸ் லைட் என்ற கப்பல் தலைவர் தீவின் கிழக்கு முனையில் பிரித்தானியக் கொடியை ஏற்றினார். மறுநாள் வேல்ஸ் இளவரசரின் பிறந்தநாள் என்பதால் தீவுக்கு 'வேல்ஸ் இளவரசர் தீவு' எண்டு பேர் வைத்தார். அரசர் மூன்றாம் ஜோர்ஜின் நினைவாக நகரத்துக்கு ஜோர்ஜ் டவுன் என்ற பெயர் வந்தது. காட்டை வெட்ட ஆட்கள் தயங்கியபோது பீரங்கியில் வெள்ளிக் காசுகளைப் போட்டுக் காட்டுக்குள்ளே சுட்டார், காசைப் பொறுக்கப் போனவர்கள் காட்டையும் வெட்டிப்போட்டார்கள் என்று ஒரு கதையும் உண்டு. காடாகக் கிடந்த தீவை ஒரு வெள்ளைக்காரன் வந்து ஊராக்கினான், அவ்வளவுதான் சரித்திரம்.

இந்தத் தொடக்கத்தை ஏற்றுக்கொள்ள எனக்கு முடியவில்லை. கொடியேற்றத்துக்கு முந்தின வருடம் ஒரு முஸ்லிம் அரசர் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. கொடியேற்றத்துக்குப் பிந்திய பதினைந்தாம் வருடம் ஒரு முஸ்லிம் சமூகம் பெற்ற காணி உறுதி ஒன்று இருக்கிறது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால் பினாங்கின் ஆரம்பம் வேறு மாதிரித் தெரியும். நமது நாட்டுத் தமிழில் 'உறுதி' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்கும் வாக்கும் உறுதிதான்; காணிக்கு எழுதும் பத்திரமும் உறுதிதான். பினாங்கில் முதலாவது உறுதி முறிந்த இடத்தில்தான் இரண்டாவது உறுதி எழுதப்பட்டது. அந்த இரண்டாவது உறுதியைப் பெற்றவர்கள் சோழமண்டலக் கரையிலிருந்து போன தமிழ் பேசும் முஸ்லிம்கள். ஆகவே இது வெறும் மலாய் வரலாறு, நமக்கென்ன என்று விட்டுவிட ஏலாது.

திருகோணமலை கைவிட்டுப் போனதால்

ஆங்கிலேயர் பினாங்கைத் தேடிப் போனதற்கு ஒரு காரணம் நமது கிழக்குக் கரையிலேயே கிடக்கிறது. வடகீழ்ப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் சோழமண்டலக் கரையில் பெரிய கப்பல்கள் ஒதுங்கி நிற்க இடமில்லை. மதராசில் துறைமுகமே கிடையாது. திறந்த கடலில் நங்கூரம் போட்டு, படகில் ஆளையும் சரக்கையும் இறக்க வேண்டும். புயல் காலம் வந்தால் ஆங்கிலேயக் கடற்படை குமரிமுனை சுற்றிப் பம்பாய்க்கு ஓடும். திரும்பி வரும்வரை வங்காள விரிகுடா காவலில்லாமல் கிடக்கும்.

1782 ஜனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைப் பிடித்தார்கள். அதே வருடம் ஓகஸ்ட் முடிவில் பிரெஞ்சுத் தளபதி சுப்ரன் அதைப் பறித்துக்கொண்டார். அந்த மாரிகாலத்தை சுப்ரன் சுமாத்திராவின் ஆச்சே துறையில் கழித்தார். ஆங்கிலேயக் கப்பல்கள் பம்பாயிலிருந்து வந்து சேருமுன் அவர் கரைக்குத் திரும்பிவிட்டார். விரிகுடாவின் கிழக்குப் பக்கத்தில் ஒரு துறை இல்லாததன் விலை அப்போதுதான் கம்பனிக்குத் தெரிந்தது. சமாதானம் வந்ததும் திருகோணமலை மீண்டும் ஒல்லாந்தரிடம் போயிற்று.

இரண்டாவது காரணம் தேயிலை. 1784ஆம் ஆண்டு பிரித்தானியா தேயிலைத் தீர்வையை நூற்றுக்கு நூறைத் தாண்டிய நிலையிலிருந்து பன்னிரண்டரை வீதத்துக்கு இறக்கியது. சீனத் தேயிலைக்கான தேவை பெருகியது. சீனர்களுக்கு ஆங்கிலேயத் துணி பெரிதாகத் தேவைப்படவில்லை. அவர்கள் விரும்பியவை தகரம், மிளகு, பிரம்பு, பறவைக்கூடு ஆகியவை, பிறகு அபின். அபினைத் தவிர மற்றதெல்லாம் மலாய் நாடுகளில் கிடைத்தன. மலாக்காவோ ஒல்லாந்தர் கையில் இருந்தது. கல்கத்தாவிலிருந்து சீனா போகும் வழியில் ஒரு துறை வேண்டும். அதில் மலாய்ச் சரக்கை வாங்கக் கூடியதாகவும் இருக்க வேண்டும். பினாங்கு இரண்டுக்கும் பொருந்தியது.

கெடாவின் கடிதம்

பினாங்கு கெடா சுல்தானின் தீவு. கெடா என்பது தமிழர் கடாரம் என்று அறிந்த நாடு. இராஜேந்திர சோழனின் படையெடுப்பு 1025ஆம் ஆண்டு நடந்தது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். படை போனது ஒருமுறை. வணிகர் போவது ஒருபோதும் நிற்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் கெடாவிலிருந்து யானையும் தகரமும் சோழமண்டலக் கரைக்கு வந்தன. இங்கிருந்து துணி போயிற்று.

கெடாவின் சிக்கல் அதன் இருப்பிடம்தான். வடக்கே சீயம், அதற்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை பொன்னாலும் வெள்ளியாலும் செய்த மரங்களை அனுப்ப வேண்டும். அதற்கப்பால் பர்மா, சீயத்தோடு சண்டை வந்தால் அதுவும் கெடாவிடம் ஆள், அரிசி கேட்கும். தெற்கே சிலாங்கூரின் புகிஸ் வீரர்கள். 1770ஆம் ஆண்டை ஒட்டி அவர்கள் கெடாவைத் தாக்கியபோது, முதிய சுல்தான் முஹம்மத் ஜீவா துணை தேடினார். அந்த நேரம் மதராஸ் வணிக நிறுவனமொன்றின் முகவராகக் கெடாவில் இருந்தவர்தான் பிரான்சிஸ் லைட். உதவி செய்தால் கரையில் இடம் தருவோம் என்ற சுல்தானின் யோசனையை அவர் எழுதி அனுப்பினார். 1772இல் கம்பனியின் தூதர் ஒருவர் வந்தார். சுல்தான் எதிர்பார்த்த அளவுக்கு உதவ கம்பனி தயாராக இருக்கவில்லை. பேச்சு முறிந்தது.

லைட் விடவில்லை. பல வருடம் தாய்லாந்துக் கரையிலுள்ள உஜோங் சாலாங் தீவில், இன்றைய புக்கெட்டில், வணிகம் செய்தார். மலாய் மொழி நன்றாகத் தெரியும். மலாய் அரசர்களும் பெருமக்களும் ஜாவி எழுத்தில் அவருக்கு எழுதிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் இன்று லண்டனில் பாதுகாக்கப்படுகின்றன. அரபு எழுத்தில் தமிழ் எழுதின பரம்பரைக்கு ஜாவி என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. அந்தக் காலத்து வங்காள விரிகுடாவில் குர்ஆன் ஓதப் பழகிய எழுத்துதான் அரசியலையும் வணிகத்தையும் சுமந்தது.

1785இல் புதிய சுல்தான் அப்துல்லாஹ் பினாங்கைத் தரச் சம்மதித்தார். சும்மா தரவில்லை. நிபந்தனைகளைத் தெளிவாக எழுதினார். கடல்வழியை கம்பனி காவல் செய்ய வேண்டும். கெடாவுக்கு வரும் கப்பல்களை மறிக்கக் கூடாது. அபின், தகரம், பிரம்பு ஆகியவற்றில் தனக்கிருந்த தனியுரிமை இதனால் கெடும். ஆகவே வருடத்துக்கு 30,000 ஸ்பானிய டொலர் ஈடாக வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமானது இது: தரை வழியாக எதிரி வந்தால் கம்பனி ஆளும் ஆயுதமும் தந்து உதவ வேண்டும், செலவைத் தானே ஏற்பார்.

சுல்தான் விற்றது ஒரு தீவை என்று நாம் நினைக்கிறோம். அவர் வாங்க நினைத்தது ஒரு பாதுகாப்பை. கல்கத்தாவில் அப்போது பதில் ஆளுநர் நாயகமாக இருந்த ஜோன் மக்பர்சனின் சபை தீவை ஏற்றுக்கொண்டது. கடலைக் காவல் செய்ய ஒரு ஆயுதக் கப்பல் வைப்போம் என்றது. சுல்தானுக்கு நட்டம் வராது என்று பொதுவாகச் சொன்னது. தரைவழி உதவியைப் பற்றி, மேலிடத்துக்கு எழுதிக் கேட்போம் என்று தள்ளிவைத்தது. 'பார்ப்போம்' எண்டு சொல்லிக் கொண்டே சாவியை வாங்கிக்கொள்ளுற வேலை. 1787இல் கம்பனி அந்த உதவியைத் தர மறுத்து முடிவெடுத்தது. அந்த முடிவு வருமுன்பே கொடி ஏறிவிட்டது. சுல்தானும் கம்பனியும் சேர்ந்து கையொப்பமிட்ட உடன்படிக்கை எதுவும் கொடியேறிய அன்று இருக்கவில்லை.

லைட் பொய் சொன்னாரா? சுல்தானுக்கு உதவ வேண்டுமென்று அவர் கல்கத்தாவுக்குத் திரும்பத் திரும்ப எழுதினார். அதை மறைக்கக் கூடாது. ஆனால் விடை தெரியாத கேள்வியை, விடை கிடைத்துவிட்டது போலச் சுல்தான் எண்ணிக்கொள்ள இடமளித்தவரும் அவரேதான். இரு பக்கமும் நம்பிய ஒரு மனிதர் நடுவில் நின்றால் வாய் உறுதிக்குப் பலம் இருப்பது போலத் தோன்றும். எழுத்தில் இல்லாதது அந்த மனிதரோடு போய்விடும்.

வெறுந்தீவா?

1786 ஜூலை 17ஆம் திகதி லைட்டின் ஆட்கள் இறங்கிய முனைக்குப் பெனாகா முனை என்று பெயர். பெனாகா என்பது நமது கடற்கரைகளிலும் நிற்கும் புன்னைமரம். ஒரு முனைக்கு மலாயில் பெயர் இருந்தது என்றால் அந்தப் பெயரைச் சொல்ல ஆட்கள் இருந்திருக்கிறார்கள் என்பதுதானே. தீவின் கிழக்குக் கரையில் பத்து ஊபான் என்ற இடத்தில் சுமாத்திராவின் மினாங்கபாவிலிருந்து வந்தவர்கள் குடியிருந்தார்கள். அங்குள்ள பள்ளிவாசல் 1734ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகச் சொல்கிறது. லைட் பிறப்பதற்கும் முந்திய கணக்கு. மீனவரும் மரம் வெட்டுவோரும் வந்து போன தீவு அது. ஆள் குறைவு என்பது உண்மை. ஆளில்லை என்பது உண்மையல்ல.

இறங்கியவர்களில் ஆங்கிலேயர் கொஞ்சம் பேர்தான். படையில் பெரும்பகுதியினர் இந்தியச் சிப்பாய்களும் லஸ்கர்களும். நிபோங் என்ற பனைவகை மரத்தால் வேலி அடித்துக் கோட்டை என்றார்கள். அதுதான் பின்னால் கல்லாலும் செங்கல்லாலும் கோண்வாலிஸ் கோட்டையானது. முதல் சில நாளுக்குள்ளேயே கெடாவிலிருந்து சீனர்களின் கப்பித்தான் கோ லே ஹுவான் வந்தார். அவரோடு கெடாவில் வாழ்ந்த கிறிஸ்தவர் சிலரும் வந்து, மீன் வலையொன்றை அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். இதைக் கவனிக்க வேண்டும். பினாங்கின் முதல் குடிகள் தூர தேசத்திலிருந்து வந்தவர்களல்ல. எதிர்க்கரையிலிருந்து, கெடாவிலிருந்து வந்தவர்கள்.

லைட் குடியேற்றத்துக்குச் செய்த ஏற்பாடு மிக எளியது. துறைமுகத்தில் தீர்வை இல்லை. யார் எவ்வளவு காட்டை வெட்டுகிறாரோ அவ்வளவும் அவருக்கு. பிறகு உறுதி எழுதித் தரப்படும். அதற்கு அத்தாட்சியாகக் காடு வெட்டும் சீட்டு ஒன்று. லைட்டும் அவருடைய வணிகக் கூட்டாளி ஜேம்ஸ் ஸ்கொட்டும் தங்களுக்கும் பெரிய நிலங்களை எடுத்துக்கொண்டார்கள். கணக்கு ஒழுங்காக இருக்கவில்லை. யாருக்கு எது என்பதில் பிந்திய நிர்வாகிகள் பல வருடம் தலையை உடைத்தார்கள். நிர்வாகச் செலவுக்குப் பணம் வேண்டும், கல்கத்தா கைகொடுக்கவில்லை. ஆகவே அபின், சாராயம், சூதாட்டம் ஆகியவற்றைக் குத்தகைக்கு விட்டார்கள். தீர்வையில்லாத துறைமுகத்தின் கஜானா இப்படித்தான் நிறைந்தது. 1796இல் அந்தமான் குடியேற்றம் கைவிடப்பட்டபோது அங்கிருந்த கைதிகளும் பினாங்குக்குக் கொண்டுவரப்பட்டார்கள். ஜோர்ஜ் டவுனின் வீதிகளை வெட்டியதில் அந்தக் கைதிகளின் உழைப்பு பெரிது.

சூலியாக்கள்

இனி நம்மட ஆக்களுக்கு வருவோம். மலாய் நாட்டில் சோழமண்டலக் கரை முஸ்லிம்களைச் சூலியா என்றார்கள். சோழ என்ற சொல்லோடு இதைத் தொடர்புபடுத்துவோர் உண்டு. கெலிங் என்பது இன்னொரு பெயர். கலிங்கம் என்பதிலிருந்து வந்தது. அந்தக் காலத்தில் அது வெறும் அடையாளம். இன்று மலேசியாவில் அது ஏச்சு வார்த்தை.

1794ஆம் ஆண்டு, தன் மரணத்துக்குச் சில மாதங்களுக்கு முன், தீவின் குடிகளைப் பற்றி லைட் கல்கத்தாவுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். சூலியாக்களைப் பற்றி அதில் அவர் தரும் விபரம் சிறியது, ஆனால் பொன்னானது. இவர்களில் பெரும்பாலோர் நீண்டகாலம் கெடாவில் வாழ்ந்தவர்கள். சிலர் அங்கேயே பிறந்தவர்கள். எல்லோரும் கடைக்காரரும் கூலிகளும். சுமார் ஆயிரம் பேர் தீவில் குடியேறியிருக்கிறார்கள், சிலர் குடும்பத்தோடு. இது தவிர, கரையிலிருந்து வரும் கப்பல்களில் வருடந்தோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை வருகிறார்கள். வியாபாரத்திலும் கூலிவேலையிலும் கொஞ்சம் டொலர் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். அவர்கள் இடத்துக்கு வேறு ஆட்கள் வருகிறார்கள்.

இதில் இரண்டு உண்மைகள் இருக்கின்றன. முதலாவது, சூலியாக்கள் லைட்டின் கப்பலைப் பிடித்துக்கொண்டு வந்த புதியவர்களல்ல. கெடா அரண்மனையில் அரசருக்காக வணிகம் நடத்திய 'சௌதாகர் ராஜா' என்ற பதவியிலும் சூலியாக்கள் இருந்தார்கள். சந்தை, கடன், மொழி, கப்பல் எல்லாம் முன்பே அவர்கள் கையில் இருந்தன. அந்த வலைப்பின்னல் கெடாவிலிருந்து பத்துப் பதினைந்து வருடத்துக்குள் பினாங்குக்கு இடம் மாறியது. இரண்டாவது, இது குடியேற்றம் என்பதைவிடப் போக்குவரத்து. ஒரு கால் கரையில், ஒரு கால் தீவில். பரங்கிப்பேட்டை, நாகூர், காயல்பட்டினம் போன்ற ஊர்களில் உம்மாவும் பெண்சாதியும் பிள்ளைகளும் இருக்க, வாப்பா அக்கரையில் இருந்த குடும்பங்களின் கதை. கொழும்பிலும் காலியிலும் கடை வைத்திருந்த கரை ஆட்களைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு இது தெரிந்த வாழ்க்கைதான்.

பெயரிலும் இந்த உறவு தெரியும். பினாங்கில் 'மெரிக்கன்' என்று எழுதப்படும் குடும்பப் பெயர் நமது மரிக்கார்தான். இரண்டுக்கும் வேர் மரைக்காயர். அங்கே ஒரு தெருமுனையில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நாகூர் சாஹுல் ஹமீது வலியுல்லாஹ்வின் பெயரால் ஒரு நினைவிடம் எழுந்தது. கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளியில் கொடியேறுவதைப் பார்த்தவர்களுக்கு அது அந்நியமாகத் தெரியாது. கடலோடிகள் போன இடமெல்லாம் நாகூராரையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். அந்தத் தெருவுக்கு முதலில் மலபார் தெரு என்று பெயர்; பிறகு சூலியா தெரு ஆனது. லைட் போட்ட ஆரம்பகால வீதிகள் சிலவற்றில் அதுவும் ஒன்று.

1791

சூலியா தெருவில் கடைகள் திறந்துகொண்டிருந்த அதே வருடங்களில் கெடா சுல்தான் ஈட்டுப் பணத்துக்கும் படை உதவிக்கும் காத்திருந்தார். இரண்டும் வரவில்லை. கெடாவுக்குப் போய்க்கொண்டிருந்த கப்பல்கள் தீர்வையில்லாத பினாங்குக்குத் திரும்பின. நாட்டின் பாதுகாப்புக்காகத் தீவைக் கொடுத்தார். பாதுகாப்பும் கிடைக்கவில்லை, துறைமுக வருமானமும் போயிற்று. 1791இல் அவர் எதிர்க்கரையில் பிறை என்ற இடத்தில் படகுகளையும் ஆயிரக்கணக்கான வீரர்களையும் திரட்டினார். ஏப்ரல் மாதம் லைட் முந்திக்கொண்டு தாக்கினார்; திரண்ட படை சிதறியது. மே மாதம் உடன்படிக்கை ஒன்று எழுதப்பட்டது. வருடத்துக்கு 6,000 ஸ்பானிய டொலர். கேட்ட 30,000இல் ஐந்திலொன்று. படை உதவி என்ற சொல்லே அதில் இல்லை.

1800இல் எதிர்க்கரையின் ஒரு துண்டு நிலமும் கம்பனிக்குப் போயிற்று. தொகை 10,000 டொலராக உயர்ந்தது. 1821இல் சுல்தான் அப்துல்லாஹ் அஞ்சியது நடந்தது. சீயம் கெடாவுக்குள் புகுந்தது. அப்போதைய சுல்தான் அஹ்மத் தாஜுத்தீன் அகதியாகப் பினாங்குக்குத் தப்பி வந்தார், தன் முன்னோர் கொடுத்த தீவுக்கே. கம்பனி அவருக்கு இருக்க இடம் கொடுத்தது. நாட்டை மீட்டுக் கொடுக்கவில்லை.

இந்த இடத்தில் நாம் நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். கடல் கடந்து போன நம் முன்னோரின் திறமையைப் பற்றி எழுதுவது சுகமான வேலை. நமது ஆண்டு மலர்கள் பலவற்றில் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். கெடா ஒரு முஸ்லிம் அரசு. சூலியாக்களுக்குத் தலைமுறை தலைமுறையாக இடம் கொடுத்த அரசு. அதன் இழப்பில் வளர்ந்த ஊரில் அவர்களும் வளர்ந்தார்கள். வணிகர்கள் தீர்வையில்லாத துறைக்குப் போவது இயல்பு. கூலியாள் கூலி கிடைக்கும் இடத்துக்குத்தான் போவான். அவர்களைக் குற்றவாளிகளாக்க நான் வரவில்லை. ஆனால் அந்த லாபத்தின் மறுபக்கத்தை விட்டுவிட்டு எழுதினால் அது வரலாறாகாது, குடும்பப் பெருமை பேசுவதாகிவிடும்.

பதினெட்டு ஏக்கர்

லைட் 1794 ஒக்டோபரில் மலேரியாக் காய்ச்சலால் இறந்தார். தீவில் இன்னும் முறையான நீதிமன்றம் கிடையாது. சில்லறை வழக்கு, திருமணம், சொத்துத் தகராறு எல்லாவற்றையும் ஒவ்வொரு சமூகத்துக்கும் நியமிக்கப்பட்ட கப்பித்தான்கள் பார்த்தார்கள். இது கம்பனியின் கண்டுபிடிப்பல்ல. மலாக்காவிலும் பிற துறைகளிலும் முன்பே இருந்த வழக்கம். நமது நாட்டில் ஒல்லாந்தர் காலத்துத் தலைமைக்காரர்களை நினைத்துக்கொண்டால் விளங்கும்.

1801இல் துணைத் தேசாதிபதி ஜோர்ஜ் லீத் காதர் முஹியத்தீன் என்ற வணிகரைச் சூலியாக்களின் கப்பித்தானாக நியமித்தார். சோழமண்டலக் கரையிலிருந்து வந்து பினாங்கில் காலூன்றியவர் அவர். மெரிக்கன் குடும்பம். அதே வருடம் நவம்பரில் மலபார் தெருவின் தென்பக்கத்தில் பதினெட்டு ஏக்கர் நிலத்தைப் பள்ளிவாசலுக்கென்று கம்பனி எழுதிக் கொடுத்தது. கட்டட வேலைக்கு இந்தியாவிலிருந்து ஆட்களையும் பொருட்களையும் கப்பித்தான் வரவழைத்தார். இன்று உலகம் அறிந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் அதுதான். 1834இல் மௌத்தான கப்பித்தானின் அடக்கத்தலமும் அதே வட்டாரத்தில் இருக்கிறது. சற்றுத் தூரத்தில், 1808இல், ஆச்சேயிலிருந்து வந்த செய்யித் ஹுஸைன் அல்-ஐதித் தன் பங்குக்கு இன்னொரு பள்ளிவாசலை எழுப்பினார். ஒரு தலைமுறைக்குள் ஜோர்ஜ் டவுனின் உள்பகுதி முஸ்லிம்களின் வக்புக் காணிகளால் நிறைந்துவிட்டது.

பதினெட்டு ஏக்கர் என்பது எவ்வளவு பெரியது என்பதை நமது நாட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒல்லாந்தர் போட்ட தடையின்படி கொழும்புக் கோட்டையிலும் புறக்கோட்டையிலும் சோனகர் வீடோ காணியோ சொந்தமாக வைத்திருக்க முடியாது. 1796இல் ஆங்கிலேயர் வந்த பிறகும் அந்தத் தடை உடனே போகவில்லை, 1832இல்தான் நீங்கியது. அதாவது, பினாங்கில் அதே ஆங்கிலேயர் நகரத்தின் நடுவில் பதினெட்டு ஏக்கரைக் கொடுத்து முப்பது வருடத்துக்குப் பிறகு. ஆங்கிலேயருக்குப் பினாங்கில் முஸ்லிம்கள் மேல் தனிப் பிரியம் இருந்தது என்பதல்ல இதன் பொருள். அங்கே அவர்களுக்கு ஆள் தேவைப்பட்டது. கப்பலில் வந்து போகிறவன் நிலைத்து நிற்க வேண்டுமானால் அவனுக்குத் தொழ இடம் வேண்டும், அடங்க இடம் வேண்டும் என்பது கம்பனிக்குத் தெரிந்திருந்தது.

சூலியாக்கள் தம் பக்கத்தில் ஒன்றைச் சரியாகச் செய்தார்கள். கெடா சுல்தானுக்குக் கிடைத்தது வாய் உறுதி. இவர்கள் காகிதத்தில் வாங்கினார்கள்.

காகிதத்துக்கு நேர்ந்தது

ஆனால் காகிதத்தை வாசிக்கிறவன் யார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 1807இல் பினாங்குக்கு நீதிப் பட்டயம் கிடைத்தது. ஆங்கிலச் சட்டம் வந்தது. குடிகளின் சமயமும் வழக்கமும் இடமளிக்கும் அளவுக்கு அதைப் பின்பற்ற வேண்டும் என்று பட்டயம் சொல்லிற்று. இலங்கையில் அதற்கு ஒரு வருடம் முன்பு, 1806இல், முஹம்மதியச் சட்டக் கோவை ஏற்கப்பட்டது. நமக்கு எழுதப்பட்ட கோவை ஒன்று கிடைத்தது. அவர்களுக்கு நீதிபதியின் விளக்கம்தான். அந்த விளக்கம் போகப் போக இறுகியது. 1871இல் பாத்திமா எதிர் லோகன் என்ற வழக்கில், பினாங்கு முஸ்லிமின் மரணசாசனத்துக்கும் ஆங்கிலச் சட்டமே பொருந்தும் என்று தீர்க்கப்பட்டது. கந்தூரிக்கென்று என்றென்றைக்கும் ஒதுக்கி வைக்கும் சொத்து ஆங்கிலச் சட்டம் கருதும் தர்மமாகாது என்பது நீரிணைக் குடியேற்ற நீதிமன்றங்களின் நிலைப்பாடாயிற்று. ஒரு சமூகம் ஸதக்கா என்று நினைத்து எழுதியதை, நீதிமன்றம் செல்லாத ஏற்பாடு என்று வாசித்தது.

உள்ளேயிருந்தும் கேடு வந்தது. கப்பித்தானின் வாரிசுகளும் நம்பிக்கைப் பொறுப்பாளர்களும் தங்களுக்குள் பிணக்குப்பட்டார்கள். வக்புக் காணிகள் குத்தகைக்குப் போயின. வரவு செலவு ஒழுங்காக இல்லை என்ற முறைப்பாடுகள் பெருகின. 1905இல் அரசாங்கம் முஹம்மதிய, இந்து அறநிலையங்களுக்கான சட்டமொன்றைக் கொண்டுவந்து நிர்வாகத்தைத் தன் கண்காணிப்பிலுள்ள சபையிடம் கொடுத்தது. வீதிகள் அகன்றன, பள்ளிவாசலைச் சுற்றியிருந்த குடியிருப்புகள் உடைக்கப்பட்டன. இன்று பள்ளிவாசல் நிற்பது அந்தப் பதினெட்டு ஏக்கரின் ஒரு பகுதியில்தான்.

மீண்டும் கெடாவின் கடிதத்துக்கு வருவோம். மலேசிய மத்திய அரசாங்கம் பினாங்கின் சார்பில் இன்றும் வருடந்தோறும் கெடாவுக்கு ஒரு தொகை செலுத்துகிறது. கெடாவில் சிலர் பினாங்கு குத்தகைக் காணி என்றே பேசுகிறார்கள். பினாங்கில் அதை மறுக்கிறார்கள். 1785இல் சரியாக எழுதி முடிக்காத ஒரு விஷயம் இரண்டு நூற்றாண்டைத் தாண்டியும் தீரவில்லை. கப்பித்தானின் பதினெட்டு ஏக்கரும் அந்தத் தீராத விஷயத்தின் மேல்தான் இருக்கிறது. கம்பனி கொடுத்தது செல்லுபடியானது என்றால், கம்பனிக்கு அது எப்படி வந்தது என்ற கேள்வி கூடவே வரும். இதனால் அந்தப் பள்ளிவாசலின் கண்ணியம் குறையும் என்று நான் நினைக்கவில்லை. அதன் வரலாற்றில் கெடா சுல்தானுக்கும் ஒரு பக்கம் இருக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

நமது பழைய பள்ளிவாசல்கள் பலவற்றில் காணி உறுதிகள் இருக்கின்றன. சில பெட்டிக்குள்ளே செல்லரித்துக் கிடக்கின்றன. சில யாரோ ஒரு குடும்பத்தின் கையில். 1956ஆம் ஆண்டின் வக்புச் சட்டத்தின் கீழ் பதிவு செய்ததோடு வேலை முடிந்தது என்று பல நிர்வாகங்கள் நினைத்துக்கொண்டிருக்கின்றன. பள்ளி வரலாறு எழுதும்போது 'இந்தக் காணியை இன்னார் வக்பு செய்தார்' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். அந்த இன்னாருக்கு அது எங்கிருந்து வந்தது, ஒல்லாந்தர் கொடுத்ததா, கண்டி அரசர் கொடுத்ததா, பக்கத்து ஊர்க்காரர் விற்றதா, சும்மா விட்டதா, அதற்கு என்ன வாக்கு கொடுக்கப்பட்டது, அந்த வாக்கு காப்பாற்றப்பட்டதா என்று யாரும் கேட்பதில்லை. பக்கத்து ஊரோடு எல்லைப் பிணக்கு வந்த பிறகுதான் பெட்டியைத் திறக்கிறோம். அதற்கு முன்பே ஒவ்வொரு ஊரிலும் இரண்டு பேர் உட்கார்ந்து, இருக்கிற உறுதிகளைப் பிரதி எடுத்து, வாசித்து, முந்தின சொந்தக்காரரின் பெயரையும் சேர்த்து எழுதி வைத்தால், அடுத்த தலைமுறைக்கு அது பெரிய உதவியாக இருக்கும்.